எழுதிக் கற்ற மாணவர்

தலைப்பாகையும் சால்வையுமாக நாம் படங்களில் காணும் உ.வே.சாமிநாதையரைத் தமிழுலகம் பதிப்பாசிரியராகவே நினைவில் வைத்திருக்கிறது. பிப்ரவரி 19-இல் அவர் பிறந்த நாளும், ஏப்ரல் 28-இல் அவர் நினைவு நாளும் வரும்போதெல்லாம், ஏட்டுச்சுவடிகளைத் தேடி அவர் ஊர் ஊராக அலைந்த கதை மீண்டும் சொல்லப்படுகிறது. அது சொல்லப்பட வேண்டிய கதைதான். ஆயினும், அந்தப் பெரியவருக்குள் கடைசி வரை ஒரு மாணவர் இருந்தார் என்பதும், அந்த மாணவர் எவ்வாறு வளர்ந்தார் என்பதும் போதிய அளவு பேசப்படுவதில்லை.

1940 ஜனவரியில், எண்பத்தைந்து வயது நிறையவிருந்த நிலையில், ஆனந்த விகடனில் அவர் என் சரித்திரம் எழுதத் தொடங்கினார். 1942-இல் அவர் மறைந்தபோது அத்தொடர் 122 அத்தியாயங்களோடு முற்றுப்பெறாமல் நின்றது; பின்னர் 1950-இல் நூலாக வெளிவந்தது. அதில் பாதிக்கு மேற்பட்ட அத்தியாயங்கள் அவர் கல்லூரி வேலைக்கு வருவதற்கு முந்திய காலத்தைப் பற்றியவை. யாரிடம் எந்த நூலைப் பாடம் கேட்டார், எப்போது செய்யுள் இயற்றத் தொடங்கினார், எங்கே தடுமாறினார், யார் திருத்தினார் என்பனவே அவற்றின் பொருள். புகழின் உச்சியில் இருந்த ஒருவர், முதுமையில் எழுத உட்கார்ந்தபோது, தம்மை ஒரு மாணவராகவே நினைத்துப் பார்த்திருக்கிறார்.

நான் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவனல்லன். பொருளியலில் ஆய்வு செய்து, அப்பாடத்தையே கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து ஓய்வு பெற்று, விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் வசிப்பவன். பருவந்தோறும் மாணவர்கள் ஒப்படைக்கும் கட்டுரைக் கட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே கையேட்டிலிருந்து அறுபது கைகளால் படியெடுக்கப்பட்ட கட்டுரைகள் அவற்றில் மிகுதி. இப்போது படியெடுக்கும் சிரமமும் மிச்சம். தலைப்பைச் சொன்ன மாத்திரத்தில் கணினியே எழுதித் தந்துவிடுகிறது. இந்நிலையில், ஒரு மாணவர் தாமே எழுதுவதால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி ஆசிரியர்கள் அனைவர் முன்னும் நிற்கிறது. அதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான விடை சாமிநாதையரின் வாழ்க்கையில் இருக்கிறது.

சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19 அன்று, தம் தாயார் சரசுவதி அம்மாளின் பிறந்த ஊராகிய சூரியமூலையில் பிறந்தார். சொந்த ஊர் பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதை சொல்லி, கேட்டோர் கொடுத்த சம்மானத்தில் குடும்பம் நடத்தியவர். நிலையான வருமானம் இல்லை. நிலையான வீடும் இல்லை.

அந்தக் குடும்பம் இடம்பெயர்ந்த பாதையைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அரியலூர், குன்னம், காருகுடி, செங்கணம் என்று அவர்கள் மாறி மாறித் தங்கிய ஊர்களில் ஆதரவாளர்கள் இருந்தார்கள் என்பது ஒரு காரணம். மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க யாரேனும் ஒருவர் இருந்தார் என்பது மற்றொரு காரணம். வேலை இருக்கும் இடத்துக்குக் குடும்பங்கள் இடம்பெயர்வதைப் பொருளியலில் விரிவாகப் படிக்கிறோம். ஆசிரியர் இருக்கும் இடத்துக்கு ஓர் ஏழைக் குடும்பம் இடம்பெயர்ந்த கதை இது. இந்த ஊர்கள் எல்லாம் எங்கள் ஊருக்குத் தென்மேற்கே, பேருந்தில் காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய வட்டாரத்தில் உள்ளவை. அன்று மழை பெய்தால்தான் விளைச்சல் என்ற மேட்டுநிலப் பகுதி. அங்கே பெரிய கல்விச்சாலை எதுவும் இல்லை. ஆனால் ஏடு வைத்திருந்தவர்களும், அதைப் பொருள் தெரிந்து படித்தவர்களும் இருந்தார்கள்.

அரியலூரில் சடகோபையங்கார் அவருக்குத் தமிழ்ச்சுவையைக் காட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணம் பாடம் கேட்டார். காருகுடியில் கஸ்தூரி ஐயங்கார் கற்பித்தார். செங்கணத்தில் கிடைத்தவர்தான் இக்கட்டுரையின் நோக்கத்துக்கு முதன்மையானவர். எங்கள் விருத்தாசலத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டிருந்த விருத்தாசல ரெட்டியார் அவர். உழவுத் தொழிலுக்கிடையே தமிழிலக்கணத்தைக் கரைகண்டவர். அவரிடம் சாமிநாதையர் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டார்.

காரிகை என்பது செய்யுள் இலக்கணம். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று படிப்படியாகச் செல்வது. இதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது எளிது. பயன்படுத்திப் பார்க்கும்போதுதான் கற்றவருக்குத் தம் நிலை தெரியும். வெண்பாவுக்குரிய தளை தட்டாமல் நான்கு அடி எழுத வேண்டும் என்று ஒருவர் அமர்ந்தால், தமக்கு எத்தனை சொற்கள் கைவசம் உள்ளன, அவற்றில் எத்தனைக்குப் பொருள் சரியாகத் தெரியும் என்ற கணக்கு ஒரு நாழிகையில் விளங்கிவிடும். கருத்து ஒன்றிருக்கும், சொல் அமையாது. சொல் அமைந்தால் ஓசை கெடும். ஓசையைச் சரிசெய்தால் கருத்து விலகிப்போகும். இந்த மூன்றையும் ஒருசேரப் பிடிக்க முயலும்போது மாணவர் மொழியின் உள்ளே நுழைகிறார். சாமிநாதையருக்கு அந்த நுழைவு செங்கணத்தில் கிடைத்தது. இலக்கணம் கற்றதோடு நில்லாமல் செய்யுள் இயற்றும் பழக்கமும் அங்கே வலுப்பெற்றது.

ரெட்டியார் செய்த இன்னோர் உதவியும் உண்டு. தாம் கற்பிக்கக்கூடிய எல்லையை உணர்ந்து, மேற்கொண்டு பயில வேண்டுமானால் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்ல வேண்டும் என்று வழிகாட்டினார். நல்ல மாணவர் ஒருவரைத் தம்மிலும் பெரியவரிடம் அனுப்பிவைக்கும் மனம் எல்லா ஆசிரியர்களுக்கும் வாய்ப்பதில்லை.

1871-இல் தந்தையும் மகனுமாக மாயூரம் சென்று பிள்ளையைக் கண்டார்கள். அப்போது சாமிநாதையருக்கு வயது பதினாறு நிறைந்திருந்தது. நைடதத்திலிருந்து ஒரு பாடலைச் சொல்லச் செய்து, பொருளும் கேட்டறிந்த பிறகே பிள்ளை அவரை ஏற்றுக்கொண்டார். வேங்கடராமன் என்பது அவருக்கு இட்ட பெயர். வீட்டில் அழைத்த பெயர் சாமிநாதன். பிள்ளை பின்னதையே விரும்பி வழங்கினார், அதுவே நிலைத்தது.

தொடக்கத்தில் பிள்ளை நேரடியாகப் பாடம் சொல்லவில்லை. தம்மிடம் பயின்றுவந்த சவேரிநாத பிள்ளை என்ற கிறித்தவ மாணவரைக் கொண்டு சொல்லிவைத்தார். ஆசிரியரிடமே நேரில் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் இளைஞரை வாட்டியது. பிள்ளைக்குத் தம் வீட்டுத் தோட்டத்தின் மீது பெரும் பற்று. காலையில் எழுந்ததும் செடிகளையும் மரங்களையும் சுற்றிப் பார்ப்பார். புதிய தளிர் விட்டிருந்தால் மகிழ்வார். இதைக் கவனித்த சாமிநாதையர் அவருக்கு முன்பே எழுந்து, எந்தச் செடியில் எங்கே தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்ததும் காட்டலானார். அந்தத் தளிர்களைப் பற்றிய பேச்சினூடே நெருக்கம் வளர்ந்தது. நேரில் பாடம் கேட்கும் பேறும் கிடைத்தது. பலரும் அறிந்த நிகழ்ச்சி இது. மாணவரின் ஆர்வத்துக்குச் சான்றாக இதைச் சொல்வார்கள். நான் இதில் வேறொன்றையும் காண்கிறேன். ஆசிரியரின் கவனம் என்பது அளவுக்குட்பட்ட ஒரு வளம். அதைப் பெற ஒரு மாணவர் எவ்வளவு முயல வேண்டியிருந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இதற்காக அவர் ஒன்றை இழக்கவும் நேர்ந்தது. மாயூரத்தில் அப்போது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்துவந்தார். தந்தையின் விருப்பப்படி சாமிநாதையர் அவரிடம் இசை பயின்றார். இசையில் ஈடுபட்டால் இலக்கியப் பயிற்சி தடைப்படும் என்பது பிள்ளையின் எண்ணம். அதை உணர்ந்ததும் அவர் இசைப்பாடத்தை நிறுத்திக்கொண்டார். தந்தையின் குலச்செல்வமே இசைதான். அதைத்தான் அவர் விட்டுக்கொடுத்தார். ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை இழக்க வேண்டும் என்று நாங்கள் வகுப்பில் சொல்லும் பாடம் அவர் வாழ்வில் இப்படி வந்தது.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களும் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ் நூல்களும் ஏராளமாக இயற்றியவர். அவர் தம் கையால் எழுதுவது அரிது. அவர் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுத வேண்டும். அந்தப் பொறுப்பு பெரும்பாலும் சாமிநாதையரிடம் வந்தது. பனையோலையில் எழுத்தாணியால் விரைந்து எழுதுவது கைக்குக் கடினமான வேலை. ஆனால் எத்தகைய கல்வி அது! ஒரு புராணத்துக்கு முதலில் கதையமைப்பை வகுத்துக்கொள்வது, பின் ஒவ்வொரு படலத்தையும் செய்யுளாக்குவது, இடையில் ஒரு சொல்லை மாற்றுவது, மாற்றியதையும் நீக்கி வேறொன்றை அமைப்பது என்று, ஒரு படைப்பு உருவாகும் முறை முழுவதையும் அவர் அருகிலிருந்து பார்த்தார். முடிந்த நூலைப் படிப்பவருக்கு நூல் மட்டுமே தெரியும். அது முடிந்த விதத்தைப் பார்த்தவருக்கு, எழுத்து என்பது திருத்தத்தால் ஆவது என்பதும் தெரியும்.

மாணவர்கள் தாமும் செய்யுள் இயற்றினார்கள். புதிதாக வெளிவரும் நூல்களுக்குச் சிறப்புப் பாயிரம், ஒரு தலத்துக்குச் சென்றால் அங்குள்ள தெய்வத்தின் மீது துதிப்பாடல், ஆதரவாளரைப் பற்றிய வாழ்த்து என்று அதற்கான சந்தர்ப்பங்கள் அடிக்கடி வந்தன. இரட்டைமணிமாலை போன்ற சிறு பிரபந்தங்களைச் சாமிநாதையர் இளமையிலேயே இயற்றியிருக்கிறார். இவற்றுக்காக அவரை இன்று யாரும் நினைப்பதில்லை. அவரும் தம்மைப் பெரும் கவிஞராகக் கருதிக்கொண்டதில்லை. பயிற்சிக் கட்டுரை இலக்கியமாக நிலைக்க வேண்டியதில்லை. எழுதுபவரை மாற்றினால் போதும். அதன் வேலை முடிந்தது.

1876 பிப்ரவரி 1 அன்று பிள்ளை மறைந்தார். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவரோடு கழிந்திருந்தன. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சாமிநாதையரைத் தம் மடத்திலேயே இருத்திக்கொண்டார். அங்கே அவர் தேசிகரிடம் பாடம் கேட்டார். பிறருக்குப் பாடம் சொன்னார். 1880-இல், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். செட்டியாரும் பிள்ளையின் மாணவரே. இருபத்தைந்தாவது வயதில் நிலையான வேலை கிடைத்தது. அவர் கற்க வேண்டியதைக் கற்று முடித்துவிட்டார் என்று எவரும் எண்ணியிருக்கக்கூடிய நேரம் அது.

அதே ஆண்டு அக்டோபரில், அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். சாமிநாதையர் தாம் பயின்ற அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என்று நீண்ட பட்டியலை ஒப்பித்தார். முதலியார் அசையவில்லை. அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியைச் சுட்டினார். அதைச் சாமிநாதையர் அதுவரை கற்றதில்லை. சில நாள்களில் முதலியார் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து அதைப் பாடம் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். ஆசிரியராக அமர்ந்தவர் மீண்டும் மாணவரானார்.

இந்த இடத்திலிருந்து அவர் எழுத்தின் தன்மை மாறுகிறது. இதுவரை படைப்பெழுத்து, இனி ஆராய்ச்சி எழுத்து. சிந்தாமணி சமண காவியம். அதிலுள்ள மதக் கருத்துகளும் மரபுகளும் சைவ மடத்தில் வளர்ந்தவருக்குப் புதியவை. அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்று, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் கேட்டுத் தெளிந்தார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், தம் பாடத்தில் தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரின் வீட்டு வாசலுக்குச் சென்று கேட்டு எழுதிக்கொண்டார் என்பதை இன்றைய ஆய்வு மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நச்சினார்க்கினியரின் உரை வேறொரு சிக்கலைத் தந்தது. அவர் பழைய நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக்காட்டுவார். அவை எந்த நூலைச் சேர்ந்தவை என்று பல இடங்களில் சொல்லமாட்டார். சாமிநாதையர் அந்த மேற்கோள்களைத் தனித்தனியே குறித்துக்கொண்டார். மடத்து ஏடுகளைப் புரட்டியபோது, தாம் குறித்துவைத்த அடிகள் பத்துப்பாட்டிலும் எட்டுத்தொகை நூல்களிலும் இருப்பதைக் கண்டார். பெயரளவில் மட்டுமே கேள்விப்பட்டிருந்த ஒரு பேரிலக்கியம் அவர் கண்முன் உருப்பெற்றது. அதைக் காட்டிக்கொடுத்தது அவர் பொறுமையாகத் தயாரித்த குறிப்புப் பட்டியல். அருஞ்சொல் அகராதி, பெயர்களின் பட்டியல், ஒரு சொல் வரும் இடங்களின் அட்டவணை, பிரதிகளுக்கிடையே காணும் பாடவேறுபாடுகள் என்று அவர் எழுதிக் குவித்தவை சாதாரணக் கண்ணுக்குச் சலிப்பூட்டும் வேலைகள். பகுத்து எழுதும் பழக்கமே அவற்றின் அடித்தளம்.

இங்கேதான் அவருடைய இரண்டு வகைப் பயிற்சிகளும் ஒன்றுசேர்ந்தன. ஏடு எழுதியவர் செய்த பிழையால் ஓர் அடி சிதைந்திருக்கும். எங்கே சிதைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். தளையும் தொடையும் கையில் பழகியவருக்கு ஓசை தட்டுகிற இடம் உடனே தெரியும். செங்கணத்தில் வெண்பா எழுதிப் பழகிய கை, கும்பகோணத்தில் பிரதிகளை ஒப்புநோக்கும் கண்ணுக்கு உதவியது. அவர் வெறும் இலக்கணம் மட்டும் படித்திருந்தால் விதி தெரிந்திருக்கும், செவி வாய்த்திராது. கவிதை மட்டும் எழுதியிருந்தால் செவி இருந்திருக்கும், சான்று தேடும் பொறுமை வந்திராது. கற்பனை எழுத்து கலைப்பிரிவு மாணவருக்கு, பகுப்பாய்வு எழுத்து அறிவியல், வணிகவியல் மாணவருக்கு என்று நாம் பிரித்துவைத்திருப்பது எவ்வளவு பிழையானது என்பதை இது உணர்த்தும்.

சீவக சிந்தாமணி 1887-இல் அச்சாகி வெளிவந்தது. பணமில்லாத ஆசிரியர், வாங்க விரும்புவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்று அந்தப் பெருநூலை அச்சிட்டார். பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் தொடர்ந்தன.

1898-இல் வந்த மணிமேகலை, அவர் எழுத்து வளர்ச்சியில் அடுத்த படி. சிந்தாமணிக்குப் பழைய உரை இருந்தது, மணிமேகலைக்கு இல்லை. பௌத்த சமயக் கோட்பாடுகளைச் சொல்லிக்கொடுக்கத் தமிழகத்தில் பௌத்தர்களும் அருகில் இல்லை. உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, சாமிநாதையர் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு தாமே அரும்பத உரை எழுதினார். அத்துடன் புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைப் பற்றித் தனியே உரைநடையில் எழுதினார். காவியத்தின் கதையையும் சுருக்கித் தந்தார். புலவருக்காக மட்டும் எழுதாமல், ஒன்றும் அறியாத வாசகருக்கும் விளங்குமாறு எழுத வேண்டும் என்ற முயற்சி அது. ஒரு பொருள் நமக்கு விளங்கிவிட்டதா என்பதற்கு, அதை அறியாதவருக்கு எளிய நடையில் எழுதிக்காட்டுவதைவிடக் கடுமையான தேர்வு வேறில்லை.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலானார். 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றார். 1919-இல் ஓய்வு பெற்றார். பின்னர் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகவும் சில ஆண்டுகள் இருந்தார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. எண்பதை நெருங்கிய வயதில் அவர் செய்த வேலைதான் என்னை மிகவும் கவர்கிறது. 1933-இலும் 1934-இலும், தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன்பின் சிறு சிறு உரைநடைக் கட்டுரைகளில் தாம் கண்டவர்களையும் கேட்டவற்றையும் எளிய, இனிய நடையில் எழுதினார். பண்டிதத் தமிழில் வளர்ந்தவர் வார இதழ் வாசகருக்கு எழுதக் கற்றுக்கொண்டது, எழுபது வயதுக்குப் பிறகும் ஒருவர் மாணவராக இருக்கலாம் என்பதற்குச் சான்று. 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானார்.

இந்த வாழ்க்கையை ஒரு பொருளியல் ஆசிரியனாகப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சாமிநாதையரின் வளர்ச்சிக்கு வேண்டிய பொருள்கள் விலை மிகுந்தவை அல்ல. பனையோலை, எழுத்தாணி, இரவல் வாங்கிய ஏடு, ஒருவேளைச் சோறு. விலைமதிக்க முடியாததாக இருந்தது ஒன்றுதான்: அவர் எழுதியதைப் படித்துத் திருத்த ஒருவர் இருந்தார். செங்கணத்தில் ரெட்டியார், மாயூரத்தில் பிள்ளை, திருவாவடுதுறையில் தேசிகர், கும்பகோணத்தில், கடினமான கேள்வியால் திருத்திய முதலியார். யாரும் படிக்காத எழுத்து வளராது. படிக்கப்படாது என்று தெரிந்தே எழுதப்படும் எழுத்தில், எழுதுபவரின் மனமும் ஈடுபடாது. நம் மாணவர்கள் படியெடுப்பதற்குச் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. தாம் எழுதியதை எவரும் படிக்கப்போவதில்லை என்பதை அவர்கள் கூர்மையாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு பல நேரங்களில் சரியாகவே இருக்கிறது.

கணக்கை ஆசிரியர் பக்கமிருந்தும் பார்ப்போம். ஒரு வகுப்பில் அறுபது மாணவர்கள். ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்து இரண்டு வரி குறிப்பெழுதப் பத்து நிமிடம் என்றால், ஒரு சுற்றுக்குப் பத்து மணி நேரம். நான்கு வகுப்புகள் என்றால் நாற்பது மணி நேரம். அதற்கு ஆசிரியரின் பணிநேரத்தில் இடம் ஒதுக்கப்படுவதில்லை. நிரப்ப வேண்டிய படிவங்களும் அனுப்ப வேண்டிய அறிக்கைகளும் அவர் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. பணியிடங்கள் காலியாக இருந்தால் வகுப்பு இன்னும் பெருக்கிறது. கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்கும் நாம், மாணவரின் எழுத்தைப் படிக்கும் நேரத்துக்கு ஒதுக்குவதில்லை. இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்களில் மாணவர் வாரந்தோறும் ஒரு கட்டுரை எழுதிவந்து ஆசிரியர்முன் படித்து விவாதிக்கும் முறை நெடுங்காலமாக நிலைத்திருப்பது, அதற்கான நேரத்தை அவை செலவாகக் கருதி ஏற்றுக்கொண்டதால்தான்.

பழைய குருகுல முறையைப் போற்றி அதற்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த முறை மடத்தின் ஆதரவையும் செல்வர்களின் கொடையையும் நம்பி நின்றது. பெண்களுக்கு அதில் இடமில்லை; பெரும்பாலான சமூகத்தினருக்கு ஏடே எட்டாத பொருளாக இருந்தது. சாதி வேறுபாடுகளைக் கடந்து பாடம் சொன்ன பிள்ளையின் பெருமை, அது அரிதாக இருந்ததாலும்தான் ஒளிர்கிறது. இன்று எங்கள் பகுதியிலிருந்து விருத்தாசலத்துக் கல்லூரிக்குப் பேருந்தேறிச் செல்பவர்களில், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் பலர். பெண்கள் நிறையப் பேர். இது அந்தக் காலத்தில் நடந்திராத நன்மை. இவர்களுக்கு வகுப்பறையில் இடம் கிடைத்துவிட்டது. சாமிநாதையருக்குக் கிடைத்த அந்த வாசகர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

வீட்டில் நூலகம் உள்ள மாணவர் எப்படியோ எழுதக் கற்றுக்கொள்வார். தனிப்பயிற்சிக்குப் பணம் உள்ளவரும் தேறிவிடுவார். கல்லூரி ஒன்றையே நம்பி வருபவருக்குக் கல்லூரி எழுதக் கற்றுக்கொடுக்கவில்லையென்றால் வேறு எங்கும் வழியில்லை. வேலைக்கான நேர்காணலில், போட்டித் தேர்வில், ஓர் அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தில், தம் கருத்தைத் தெளிவாகச் சொல்ல முடியாமல் அவர்கள் தடுமாறும்போது, அந்தத் தடுமாற்றத்தின் வேர் எழுதப்படாத கட்டுரைகளில் இருக்கிறது. கணினி எழுதித் தரும் கட்டுரை அவர்களுக்கு மதிப்பெண் வாங்கித் தரலாம். அவர்களுக்குள் ஒரு சொல்லையும் அது சேர்க்காது.

நான் கற்பித்த காலத்தில் ஒரு முறையைக் கையாண்டு பார்த்தேன். பணவீக்கத்தின் வகைகளை எழுதுக என்று கேட்டால் கையேடு வந்துவிடும். உங்கள் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கூலி சென்ற ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு, அரிசி விலை எவ்வளவு, இந்த வேறுபாட்டை உங்கள் தாயார் எப்படிச் சமாளிக்கிறார் என்று எழுதச் சொன்னால் கையேடு உதவாது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் செய்யப்படும் ஒரு சிறு பொம்மை தன் வரலாற்றைத் தானே சொல்வதாக எழுதி, அதன் விலைக்குள் களிமண்ணுக்கு, எரிபொருளுக்கு, கூலிக்கு, உலையில் உடைந்துபோனவற்றுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கணக்கும் காட்டச் சொன்னால், கற்பனையும் பகுப்பாய்வும் ஒரே கட்டுரையில் வந்துவிடும். வகுப்பில் வாய் திறவாத மாணவர்கள் அத்தகைய கட்டுரைகளில் வியக்கத்தக்க நுட்பத்தோடு எழுதியிருக்கிறார்கள். இலக்கணப் பிழைகள் இருந்தன, பொய் இல்லை.

பெரிய சீர்திருத்தங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பருவத்துக்கு ஐந்து ஒப்படைப்புகளை வாங்கி அடுக்கிவைப்பதற்குப் பதிலாக இரண்டே வாங்கலாம். அவற்றை வகுப்பறையிலேயே, கைப்பட எழுதச் செய்யலாம். ஆசிரியர் படித்து, இரண்டு வரி குறிப்புடன் திருப்பிக் கொடுக்கட்டும். மாணவர் அதைப் பார்த்து மீண்டும் ஒரு முறை எழுதட்டும். மதிப்பெண்ணை இரண்டாவது பிரதிக்குக் கொடுக்கலாம். பல்கலைக்கழகங்கள் இதற்கான நேரத்தை ஆசிரியரின் பணிநேரக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஊர்தோறும் இருக்கிறோம். பக்கத்துப் பள்ளியிலோ நூலகத்திலோ வாரத்தில் ஒரு நாள் அமர்ந்து பிள்ளைகள் எழுதியதைப் படித்துக் கொடுக்க எங்களால் இயலும். செங்கணத்து ரெட்டியார் எந்தக் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்ததில்லை என்பதை நாங்கள் நினைவில் கொள்ளலாம்.

சென்னை பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையத்தில் அவர் தேடிச் சேர்த்த ஏடுகளும் கையெழுத்துக் குறிப்புகளும் பாதுகாக்கப்படுகின்றன. பதிப்பித்த நூல்கள் அவருடைய புகழைச் சொல்லும். அக்குறிப்புகளோ, அந்தப் புகழுக்கு முன்னும் பின்னும் அவர் விடாமல் எழுதிக் கற்றதைச் சொல்லும். நம் மாணவர்கள் கையிலும் அப்படிச் சில தாள்கள், யாரோ ஒருவர் அக்கறையோடு படித்துத் திருத்திய கோடுகளுடன், இருக்கட்டும்.